கரடுமுரட்டுக் கெழு: ஓடை வெள்ளத்தின் உயரத்தைத் தீர்மானிக்கும் எண்

ஓடையில் வெள்ளம் வடிந்த மறுநாள் போய்ப் பார்த்தால், வேலிக் கம்பியில் சிக்கிய சருகும் மரப்பட்டையில் படிந்த சேற்றுக் கோடும் தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்று காட்டிவிடும். வேகத்துக்கு அப்படி ஒரு தடம் கிடையாது, கணக்குப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். சின்ன ஓடைகளில் பெரும்பாலும் நீர் அளக்கும் நிலையமும் இருக்காது. அந்தக் கணக்கில் வரும் ஓர் எண்ணைத்தான் பொறியாளர்கள் ‘மானிங்ஸ் என்’ என்றோ ‘ரூகோசிட்டி கோஎஃபிஷியன்ட்’ என்றோ சொல்கிறார்கள். தமிழில் இதைக் கரடுமுரட்டுக் கெழு எனலாம்.

கணக்கு இதுதான்: நீரின் ஆழத்தை மூன்றில் இரண்டு அடுக்குக்கு உயர்த்தி, ஓடைச் சரிவின் வர்க்கமூலத்தால் பெருக்கி, இந்தக் கெழுவால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். (ஆழம் என்று நான் சொன்னது அகலமான ஓடைக்குத்தான் பொருந்தும். முறைப்படி, குறுக்குவெட்டுப் பரப்பை நனைந்த சுற்றளவால் வகுத்து வரும் நீரியல் ஆரத்தை எடுக்க வேண்டும்.)

ஆழம் 1 மீட்டர், 400 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். செடிகொடி இல்லாத, நேரான ஓடைக்குக் கெழு சுமார் 0.03, வேகம் நொடிக்கு 1.67 மீட்டர் வரும். அதே ஓடையில் சீமைக் கருவேலமும் நாணலும் மண்டிவிட்டால் கெழு 0.10 வரை போகலாம்; வேகம் நொடிக்கு அரை மீட்டராகக் குறையும். சரி, வேகம் குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மேலிருந்து வரும் தண்ணீரின் அளவு குறையவில்லையே! அதே தண்ணீர் இப்போது கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரத்துக்கு ஏறித்தான் கடந்தாக வேண்டும். மழை கூடாமலேயே வெள்ள உயரம் இரண்டு மடங்கு. ஓடையைத் தூர்வாரும்போது புதரையும் வெட்டச் சொல்வது இதனால்தான்.

பெயரில் உள்ள மானிங், ராபர்ட் மானிங் என்ற அயர்லாந்துப் பொறியாளர். 1889 டிசம்பரில், தம் 73-ஆவது வயதில், டப்ளினில் இந்தச் சூத்திரத்தைப் பற்றிய கட்டுரையை வாசித்தார். பிரான்சின் கோக்லர் 1867-லேயே இதே வடிவத்தை எட்டியிருந்தார். அதனால் ஐரோப்பாவில் இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதுண்டு. ‘என்’ என்ற எழுத்து மானிங்குடையதே அல்ல. சுவிட்சர்லாந்தின் காங்கியே, குட்டர் இருவரும் 1869-ல் வெளியிட்ட வேறொரு சூத்திரத்தில் இருந்தது. மானிங் தம் சூத்திரத்தில் கெழுவால் வகுக்கவில்லை, பெருக்கினார்; அந்தக் கெழுவைத் தலைகீழாக்கினால் ஏறக்குறைய குட்டரின் எண்ணே வருகிறது என்று பின்வந்தவர்கள் கண்டதால், அந்த எழுத்து இங்கே வந்து ஒட்டிக்கொண்டது.

ரூகோசிட்டி என்பது இந்தியச் சாலைப் பேராயத்தின் சிறுபால வழிகாட்டியில் உள்ள சொல். இலத்தீனில் ‘ரூகா’ என்றால் தோல் சுருக்கம். கோஎஃபிஷியன்ட் என்பதும் இலத்தீன் வழி வந்ததே. ‘சேர்ந்து செயல்படுவது’ என்று பொருள். இதற்கு நம் பாடநூல்களில் வரும் ‘கெழு’ அருமையான தேர்வு. கெழுமுதல் என்றால் சேர்தல், நெருங்கிப் பொருந்துதல். குறளில் வரும் ‘கெழுதகைமை’ நட்பின் உரிமையைச் சொல்வதும் இந்த வேரிலிருந்துதான்.

முதல் பாதிக்கு என்ன சொல் வைப்பது? ‘உராய்வுக் கெழு’ சரிப்படாது, இயற்பியலில் அது வேறொன்றுக்குப் பெயர். ‘சொரசொரப்புக் கெழு’ சிமெண்ட் வாய்க்காலுக்குப் பொருந்தும். ஆனால் சொரசொரப்பு கையால் தடவி உணர்வது. ஓடையின் வளைவு, பாறை, விழுந்து கிடக்கும் மரம், புதர் எல்லாம் அதில் அடங்காது. கரடு என்றால் மேடுபள்ளமான நிலம், பாறைக் குன்று; முரடு மரத்தின் கணுவையும் குறிக்கும். ஆகவே ஓடைக்குக் கரடுமுரடுதான் சரி என்பது என் எண்ணம்.

இந்தக் கெழுவை நேரே அளக்கக் கருவி கிடையாது. பார்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள். அதற்கென்றே அமெரிக்க நிலவியல் அளவாய்வுத் துறை 1967-ல் 50 ஓடை, ஆறுகளின் வண்ணப் படங்களை, அளந்து கணக்கிட்ட மதிப்புகளோடு வெளியிட்டது, 0.024 முதல் 0.075 வரை. 1956-ல் கௌவன் என்ற பொறியாளர் தந்தது கூட்டல் முறை. வெறும் மண் தரைக்கு 0.020 என்று தொடங்கி, கரையின் ஒழுங்கின்மைக்கும் இடையூறுகளுக்கும் செடிகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அப்புறம் ஓடை வளைந்து வளைந்து போனால் 1.30 வரை பெருக்குவது. இதில் செடிகளுக்கு மட்டுமே 0.10 வரை கூட்ட இடம் உண்டு. மண்ணுக்கான எண்ணைப் போல ஐந்து மடங்கு.

ஒரே ஓடைக்கும் இது எப்போதும் ஒரே எண்ணாக இருப்பதில்லை. முழங்கால் தண்ணீரில் விறைத்து நிற்கும் கோரை, பெருவெள்ளத்தில் படுத்துவிடும், கெழு இறங்கும். நீர் கரை தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் புகுந்தால் ஏறும். அதனால் சிறுபாலம் கட்டுவோர் ஒரே மதிப்போடு நின்றுவிடாமல், நியாயமான இரண்டை எடுத்துப் போட்டுப் பார்ப்பது நல்லது. பாலத் தளம் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்குப் பெரிய கெழு. தூணடியில் மண் அரிப்பு எவ்வளவு இருக்கும் என்பதற்குச் சிறிய கெழு.