தேறிய பீஸ் எத்தனை?

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. ஊசி ஓட்டை விழுந்து கழியும் பீஸ்கள் கூடிக்கொண்டே போகின்றன என்று என்னை அழைத்திருந்தார்கள். முதலாளி நான்கு மாத எக்செல் ஷீட்டைத் திறந்தார். தேதி, லைன், ஷிஃப்ட், குறை எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. "பகல்லயும் நைட்லயும் ஒரே அளவுதானுங்க கெடுது. ஷிஃப்ட்டுல தப்பில்லீங்க" என்றார்.

அந்த ஷீட்டில் கெட்ட பீஸ் மட்டும்தான் இருந்தது. தேறியது எங்கே என்று கேட்டேன்.

எந்தத் தொழிலுக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலத்தை மறுநாள் ஏவலாமா என்று நாசாவும், பூஸ்டர் ராக்கெட் செய்த மார்ட்டன் தியோகால் நிறுவனமும் தொலைபேசியில் விவாதித்தன. கடுங்குளிர். பூஸ்டர் இணைப்புகளை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போகும் என்று பொறியாளர்கள் அஞ்சினார்கள். ஆனால் இந்த வளையம் சேதம் கண்ட முந்தைய பயணங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் சேதம், 75-லும் சேதம். குளிருக்கும் அதற்கும் தொடர்பே இல்லாதது போலத் தெரியும். விபத்துக்குப் பிறகு ரோஜர்ஸ் விசாரணைக் குழு, சேதமே இல்லாத பயணங்களையும் அதே படத்தில் சேர்த்தது. 66 டிகிரியிலும் அதற்கு மேலும் போன 20 பயணங்களில் 3-ல்தான் சேதம். 63-லும் அதற்குக் கீழும் போன 4 பயணங்களில் நான்கிலுமே சேதம். சேலஞ்சரை ஏவிய நேரத்தில் வெப்பநிலை 36 டிகிரி. 73-வது விநாடியில் கலம் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள். அந்தப் புள்ளிகளை ஒருவர் முந்தின இரவே வரைந்திருக்கக் கூடாதா என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

கம்பெனியில் மணிக்கு மணி எழுதும் உற்பத்தி நோட்டு இருந்தது. அதையும் சேர்த்ததும் கணக்கு மாறிவிட்டது. நைட்டில் பாதி மெஷின்கூட ஓடுவதில்லை. கெடுவது மட்டும் பகல் அளவுக்கு. நூறு பீஸுக்கு எத்தனை கெட்டது என்பதை மணிவாரியாகப் புள்ளி வைத்து, பெரிய தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன். வண்ணம் ஒன்றே ஒன்று. வட்டப்படம் போடவில்லை; நேரத்தோடு ஏறி இறங்குவது அதில் தெரியாது. கீழ்க்கோட்டைப் பூஜ்யத்திலிருந்தே தொடங்கினேன். நடுவில் வெட்டித் தொடங்கினால் சின்ன மேடும் மலையாகத் தெரியும், ஆட்கள் பயந்துவிடுவார்கள்.

இரவு ஏற ஏறப் புள்ளிகளும் ஏறின. காலை ஷிஃப்ட் தொடங்கியதும் இறங்கின. நான் எதுவும் சொல்லவில்லை. லைன் சூப்பர்வைசர் அக்காதான் கிட்டே வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஸ்டோர்க்காரர் எட்டு மணிக்குப் பூட்டிட்டுப் போயிருவாருங்க. ஊசி மழுங்குனா காலையில வரைக்கும் அதேதான்."

மறுநாள் இரவே அந்த அக்கா கையில் ஊசிப் பெட்டி ஒன்றும், பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியது கொடுப்பதற்கான நோட்டு ஒன்றும் இருந்தன.