ஓர் ஓடையின் பெயரும் ஒய் குரோமோசோமும்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஹடர்ஸ்ஃபீல்டு நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் ‘சைக்ஸ்’ என்னும் குடும்பப்பெயர் மிகுதியாக வழங்குகிறது. வட இங்கிலாந்தின் பழைய வழக்கில் ‘சைக்’ என்றால் சிற்றோடை. பெரும்பாலும் நிலங்களுக்கு நடுவே எல்லையாக ஓடுவது. ஓடைக்கரையில் குடியிருந்தவரை ஊரார் அதைச் சொல்லியே அடையாளம் காட்டினர். இத்தகைய அடைபெயர்கள் தந்தையிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும் நிலையான பெயர்களாக இறுகிய 13, 14ஆம் நூற்றாண்டுகளில் அந்த ஓடையும் ஒரு குடும்பத்தின் பெயரானது. ஓடைகளோ ஏராளம், ஆகவே இப்பெயர் பல இடங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கும் என்றே எழுத்துச் சான்றுகளைக் கொண்டு கருதப்பட்டது.

அந்தக் கருத்தைச் சோதித்துப் பார்த்தவர், அதே பெயரைக் கொண்ட ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ். நம் குரோமோசோம்களில் பெரும்பாலானவை ஒவ்வொரு தலைமுறையிலும் தம் இணையோடு துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. ஆண்களிடம் மட்டுமே உள்ள ஒய் குரோமோசோம், இரு முனைகள் நீங்கலாக, அவ்வாறு கலப்பதில்லை. தந்தையிடம் இருந்தபடியே மகனுக்குச் செல்கிறது. ஆங்கிலேயரின் குடும்பப்பெயரும் அதே வழியில்தான் செல்கிறது. ஒய் குரோமோசோமின் சில இடங்களில் ‘GATA GATA GATA’ என்பதுபோல் டி.என்.ஏ.வின் ஒரு சிறு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும்: ஒருவரிடம் 14 முறை, மற்றொருவரிடம் 15 முறை. இந்த எண்ணிக்கை ஓர் இடத்தில் சராசரியாக 1,000 பிறப்புகளுக்கு இரண்டு, மூன்று முறையே மாறும் என்பதால், சில நூற்றாண்டுகளுக்கு அதை நம்பலாம்.

சைக்ஸ் என்ற பெயருள்ள 48 ஆண்களிடம் இத்தகைய நான்கு இடங்களை ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் அவரும் கேத்தரின் இர்வெனும் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஒரே எண்வரிசை இருந்தது. ஒப்பிடுவதற்காக எடுத்த, அதே பகுதியைச் சேர்ந்த பிற பெயருள்ள ஆண்களிடம் அது இல்லை. இன்றைய சைக்ஸ்களுக்கு மூதாதை ஒருவரே என்று இருவரும் முடிவு செய்தனர்.

இந்த முடிவைச் சற்று நிதானத்துடன் ஏற்பதே சரி என்று நினைக்கிறேன். ஆண் குழந்தை இல்லாத ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆண்வழி முடிகிறது. குடும்பப்பெயர்கள் இவ்வாறு அழிவதை 1870களிலேயே ஃபிரான்சிஸ் கால்டனும் ஹென்றி வாட்சனும் கணக்கிட்டுக் காட்டினர். எனவே ஓடைக்கரை மனிதர்கள் பலர் இருந்து, ஒருவர் வழி மட்டுமே பெருகித் தப்பியிருக்கவும் கூடும். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் 2009இல் 40 பெயர்களையுடைய 1,678 ஆண்களை ஆராய்ந்தபோது, அரிய பெயர்களில் உறவு நெருக்கமாகத் தெரிந்தது. கொல்லரைக் குறிக்கும் ‘ஸ்மித்’ போன்ற பெயர்களில் அது தென்படவில்லை. கொல்லுப்பட்டறை ஊர்தோறும் இருந்ததே!

மீதிப் பாதிப்பேரின் நிலை என்ன? தத்தெடுப்பு, சொத்துக்காகத் தாய்வீட்டுப் பெயரை ஏற்பது, வேறொருவருக்குப் பிறந்த குழந்தை என ஒவ்வொரு தலைமுறையிலும் பெயரும் குரோமோசோமும் சிலரிடம் பிரிகின்றன. நூற்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டாலும், 25 தலைமுறைகளில் நூற்றுக்கு 40 பேரிடம் தொடர்பு அறுந்திருக்கும். அரச குடும்பமும் இதற்கு விலக்கல்ல. 2012இல் லெஸ்டரில் ஒரு வாகன நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்த மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புகளை, ஆண்வழி உறவினர்கள் என்று ஆவணங்கள் கூறிய ஐவரோடு ஒப்பிட்டபோது, ஒருவரின் ஒய் குரோமோசோமும் பொருந்தவில்லை.

தந்தையின் பெயரையே தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழ் வழக்கில் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதால், இச்சோதனைக்குப் பிடிமானம் இல்லை. சைக்ஸ்களுக்கும் அது காட்டுவது ஒரே ஓர் இழையைத்தான்: பத்துத் தலைமுறை பின்னே சென்றால் ஒருவருக்கு மூதாதையர் இடங்கள் 1,024, அவற்றில் 512 பெண்களுடையவை, பெயரும் ஒய்யும் வந்து சேர்வது ஒன்றிலிருந்து.