கடைக்குட்டிப் பல்லும் அது விட்டுப்போகும் குழியும்

நாம் ஞானப்பல் என்று சொல்வதை மலாய்க்காரர்கள் 'கீகி பொங்சு' என்கிறார்கள். பொங்சு என்றால் வீட்டின் கடைக்குட்டி. இரண்டு பெயர்களில் மலாய்ப் பெயரே நேர்மையானது. மற்ற நிலைப்பற்கள் எல்லாம் 12, 13 வயதுக்குள் வந்து இடம் பிடித்துவிட்ட பிறகு, 17 முதல் 25 வயதுக்குள் கடைசியாக வந்து சேரும் இந்தப் பல்லுக்கும் ஞானத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கீழ்த்தாடைக்குள் இப்பல் கெட்டிப்படத் தொடங்குவது 7 முதல் 10 வயதுக்குள். அப்போது தாடை சிறியதாக இருப்பதால், பல் பெரும்பாலும் முன்பக்கம் சாய்ந்தபடியே உருவாகிறது. பின்னர் தாடை நீள நீளச் சாய்வு நிமிர்ந்து பல் மேலெழ வேண்டும். வளர்ச்சி போதாதபோது, தனக்கு முன்னால் இருக்கும் கடைவாய்ப்பல்லின் மேல் முட்டிக்கொண்டு, பாதி ஈறுக்குள்ளும் பாதி வெளியிலுமாக நின்றுவிடுகிறது. மனிதன் மென்மையான உணவுக்கு மாறியதால் தாடை சிறுத்தது என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் விளக்கம். சிலருக்கு இந்தப் பற்கள் உருவாவதே இல்லை. அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

தொல்லை மிகுதியாகத் தருவது பாதி வெளிவந்த பல்தான். அதன் மேல் ஈறு ஒரு மடல் போலக் கவிந்திருக்கும். அந்த மடலுக்கு அடியில் தூரிகை நுழையாது, உணவு நுழையும். மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் வேலை செய்யும் என் அக்காள் மகன், 23 வயது, ஒரு நாள் மதியம் நாசி கண்டார் (சோறும் கறிக்குழம்பும்) சாப்பிட்டுவிட்டு அன்றிரவே கன்னம் வீங்கி, வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்க முடியாமல் தவித்தான். மடலுக்கு அடியில் சிக்கிய துணுக்குகளில் கிருமிகள் பெருகி, ஈறு வீங்கி, வீங்கிய ஈறையே மேற்பல் ஒவ்வொரு கடிக்கும் குத்திக்கொண்டிருந்தது. அவனைப் பார்த்த மருத்துவர் அன்று பல்லைத் தொடவில்லை. மடலுக்கு அடியில் கழுவிவிட்டு, மருந்து கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். அதற்குக் காரணம் உண்டு. மரக்கும் ஊசியைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

இப்படி மீண்டும் மீண்டும் வீங்கும் பல்லையும், பக்கத்துப் பல்லைச் சொத்தையாக்கும் பல்லையும் எடுத்துவிடுவதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஒரு தொல்லையும் தராமல் உள்ளே புதைந்திருக்கும் பல்லை 'எதற்கும் இருக்கட்டும்' என்று எடுப்பதில்தான் வழக்கு. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், நோயில்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கைக்காக மட்டும் எடுக்க வேண்டாம் என்று 2000-ஆம் ஆண்டிலேயே கூறியது. நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன். ஆயினும் எடுத்தே ஆக வேண்டிய பல்லைத் தள்ளிப்போடுவது நல்லதன்று. இருபதுகளின் தொடக்கத்தில் வேர்கள் முழுமையாக நீண்டிருக்காது, எலும்பும் சற்று நெகிழ்ந்து கொடுக்கும். நாற்பதில் அதே பல் வேறு பல்லாகிவிடுகிறது.

முதலில் தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுப்பார்கள். மருத்துவர் அதில் தேடுவது பல்லை மட்டுமன்று. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் போலச் செல்லும் கால்வாயையும்தான். கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு அதற்குள் ஓடுகிறது. பல்லின் வேர் அக்கால்வாயைத் தொட்டு நிற்பதாகத் தெரிந்தால், முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். நரம்பு மிக நெருங்கியிருந்தால், பல்லின் மேற்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வேரை உள்ளேயே விட்டுவிடும் முறையும் உண்டு. நரம்பு அடிபட்டு உதடோ நாக்கோ மரத்துப்போனால், பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு திரும்பிவிடும். அது நிலைத்துவிடுவது அரிது. இரத்தம் உறையாமலிருக்கவோ எலும்புத் தேய்வுக்கோ மருந்து உட்கொள்பவர்கள் அதை இந்தக் கட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி ஊசி. மேல்தாடை எலும்பு மெல்லியது. பல்லுக்கு அருகில் ஈறில் குத்தினால் மருந்து ஊறி உள்ளே போய்விடும். கீழ்த்தாடை எலும்பு கெட்டியானது என்பதால், நரம்பு எலும்புக்குள் நுழையும் வாயிலருகே, வாயின் பின்கோடியில், மருந்தைச் செலுத்துகிறார்கள். ஆகவேதான் ஒரு பல்லுக்காகப் பாதி உதடும் பாதி நாக்கும் மரக்கின்றன. வழக்கமான மருந்து லிக்னோகைன். வலிச் செய்தி நரம்பின் வழியே செல்ல, நரம்பிழையின் சுவரிலுள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து மின்னேற்றம் கொண்ட சோடியம் அணுக்கள் உள்ளே பாய வேண்டும். லிக்னோகைன் சுவரைக் கடந்து உட்புறமாகச் சென்று அவ்வாயில்களை அடைக்கிறது. சுவரைக் கடக்க வல்லது மின்னேற்றம் இல்லாத மூலக்கூறு மட்டுமே. சீழ் பிடித்த இடம் அமிலத்தன்மை கொண்டது. அங்கே மூலக்கூறுகளில் பெரும்பங்கு மின்னேற்றம் பெற்று வெளியிலேயே நின்றுவிடுவதால் ஊசி சரியாகப் பிடிக்காது. அக்காள் மகனை மருத்துவர் ஒரு வாரம் காக்க வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். மருந்தோடு சிறிதளவு அட்ரினலினும் கலந்திருக்கும். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்தை அங்கேயே தங்க வைக்கிறது. ஊசி போட்டதும் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடப்பது அதனால்தான்.

மரத்த பிறகும் அழுத்தம் தெரியும். வலியைச் சுமக்கும் மெல்லிய இழைகள் எளிதில் அடங்கிவிடுகின்றன. அழுத்தத்தைச் சுமக்கும் தடித்த இழைகள் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. 'தள்ளுவது தெரிகிறதே, அப்படியானால் மருந்து வேலை செய்யவில்லையா?' என்று நாற்காலியில் கிடந்தபடி அஞ்ச வேண்டியதில்லை. கூர்மையான வலி தெரிந்தால் மட்டும் கையை உயர்த்தினால் போதும், மேலும் மருந்து போடுவார்கள். ஈறைக் கீறி விலக்கி, தேவையான அளவு எலும்பைக் குடைந்து, பல்லை இரண்டு மூன்று துண்டுகளாக அறுத்துத் தனித்தனியே நெம்பி எடுக்கிறார்கள். எலும்பு சூடேறிவிடாதபடி உப்புநீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். தாடை எலும்பின் வழியாக ஓசை நேரே காதுக்குள் போவதால், அந்த அரைமணி நேரத்தில் நினைவில் நிற்பது வலியன்று, சத்தம்தான்.

பல்லை எடுத்த பிறகு நடப்பவற்றில் முதன்மையானது, குழியை நிரப்பும் இரத்தக்கட்டி. மடித்த காஸ் துணியை அரைமணி நேரம் கடித்துக்கொண்டிருக்கச் சொல்வது அது உறைவதற்காக. ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் வலை பின்ன, அதற்குள் இரத்த அணுக்கள் சிக்கி, குழியின் வாயை அடைக்கின்றன. புதிய திசு இந்த வலையைப் பற்றிக்கொண்டே வளர வேண்டும். முதல் நாள் கொப்பளிக்காதே, துப்பாதே, புகைக்காதே என்று தரும் கட்டளைகளுக்கெல்லாம் இந்தக் கட்டியே காரணம். 24 மணி நேரம் கழித்து, வெதுவெதுப்பான உப்புநீரை வாயில் வைத்து, தலையை மட்டும் சாய்த்துச் சாய்த்துக் கொப்பளிக்கலாம்.

அக்காள் மகன், பல்லை எடுத்த இரண்டாம் நாள் மாலை, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கும் தே ஐஸை (ஐஸ் போட்ட தேநீர்) குழல் போட்டு உறிஞ்சியபடி வந்தான். போதாததற்கு அவன் வேப் என்னும் மின்சிகரெட் பிடிப்பவன். மூன்றாம் நாள், குறைந்துவந்த வலி கூடியது, காதுவரை இழுத்தது, வாயில் நாற்றம் அடித்தது. கைவிளக்கில் பார்த்தபோது குழி வெறுமையாக, அடியில் சாம்பல் நிற எலும்பு தெரிந்தது. டிரை சாக்கெட் என்பது இதுதான். குழலைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள். ஆனால் கட்டி பெயர்ந்து விழுவதைவிட, அடிபட்ட எலும்பிலிருந்தும் கிருமிகளிலிருந்தும் வரும் நொதிகளால் ஃபைப்ரின் வலை கரைந்துபோவதே மிகுதி என்று கருதப்படுகிறது. புகைப்பவர்களிடமும், கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் பெண்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மருத்துவர் குழியைக் கழுவி, யூஜினால் தோய்த்த துணித்துணுக்கை உள்ளே வைத்ததும் அவன் முகம் தெளிந்தது. யூஜினால் என்பது கிராம்பு எண்ணெயின் முக்கியப் பொருள். பினாங்கின் பாலேக் பூலாவ் பக்கம் விளையும் அதே கிராம்பு. அதற்காக வீட்டிலிருக்கும் எண்ணெயைப் புண்ணில் ஊற்றிவிடக் கூடாது, சதை வெந்துவிடும்.

வீக்கம் உச்சத்துக்கு வருவது இரண்டாம், மூன்றாம் நாளில். பிறகு தானே வடியும். மரப்பு முழுவதும் தெளிவதற்குள் முதல் வலிமாத்திரையைப் போட்டுக்கொள்வது நல்லது. இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும்: மூன்று நான்கு நாள் கழித்து நல்ல காய்ச்சல் அடித்தால் அதைப் பல்லின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். டெங்கி உலவும் ஊர் இது. டெங்கியில் இப்யூபுரோஃபென் போன்ற மாத்திரைகள் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடும் என்பதால், பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கஞ்சியும் இட்லியும் ஆறியபின் சாப்பிடலாம். காரமான மிளகாய்ச் சம்பல் ஒரு வாரம் காத்திருக்கட்டும்.

ஈறு மூடிக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். அதன் அடியில் எலும்பு நிரம்பப் பல மாதங்கள் ஆகும். அதுவரை குழியில் சோறு போய் உட்காரும். அக்காள் மகனுக்கு வளைந்த முனையுள்ள ஒரு சிறிய பிளாஸ்டிக் பீச்சாங்குழலைக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு கண்ணாடி முன் நின்று, வாயை ஒருபக்கமாகக் கோணி உப்புநீரைப் பீய்ச்சுகிறான். பேச்சுக்கு நடுவே அவன் நாக்கு நமக்குத் தெரியாமல் அந்தக் குழியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறது.