ஸஃபாயிட்டிக்: தமிழில் எப்படிச் சொல்வது?

தெற்கு சிரியாவில் தொடங்கி வடகிழக்கு ஜோர்டான் வழியாக சவூதி அரேபியாவின் வடக்கு வரை கன்னங்கரேலென்று எரிமலைக் கற்கள் பரந்து கிடக்கும் பாலை ஒன்று இருக்கிறது. ஹர்ரத் அஷ்ஷாம் என்று பெயர். அங்கே ஆடும் ஒட்டகமும் மேய்த்தவர்கள் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் அந்தக் கற்களில் கீறிவிட்டுப் போன எழுத்தைத்தான் ஆய்வாளர்கள் ஸஃபாயிட்டிக் என்கிறார்கள். இதுவரை பதிவான கீறல்கள் 30,000க்கும் மேல்.

பெயர் டமாஸ்கஸுக்குத் தென்கிழக்கே உள்ள அஸ்ஸஃபா என்ற எரிமலைப் பரப்பிலிருந்து வந்தது. 1857இல் சிரில் கிரகாம் என்ற ஆங்கிலேயர் அந்தப் பக்கம் பயணம் போய் இந்தக் கற்களைப் பற்றி வெளியே சொன்னார். அப்புறம் ஜோசப் அலெவி என்ற மொழியறிஞர் நிறைய எழுத்துகளை அடையாளம் கண்டார், 1901இல் என்னோ லிட்மன் என்ற இன்னொரு அறிஞர் 28 எழுத்துகளையும் படித்து முடித்தார். ஆனால் கீறல்களில் பெரும்பாலானவை அஸ்ஸஃபாவுக்கு வெளியேதான் கிடைக்கின்றன. அதோடு ‘ஸஃபாயர்’ என்று ஓர் இனம் இருந்ததும் இல்லை. இது எழுத்துக்கு நாம் வைத்த பெயர், எழுதியவர்கள் தங்கள் தந்தை, பாட்டன், குலம் என்று சொல்லித்தான் தங்களை அடையாளம் காட்டினார்கள். அதனால் ‘ஸஃபாயர் கல்வெட்டு’ என்று தமிழில் எழுதுவது, இல்லாத ஒரு மக்களை உண்டாக்கிவிடும்.

சரி, ‘சபா எழுத்து’ என்று எழுதலாமா? வேண்டாம். யேமனில் சபா என்ற பழைய அரசு இருந்தது, அதற்கென்று தனி எழுத்தும் உண்டு, போதாததற்கு இரண்டும் ஒரே எழுத்துக் குடும்பம். ஆய்தத்தை விட்டால் எது எது என்று தெரியாமல் போகும். மக்காவின் ஸஃபா, மர்வா குன்றுகளைத் தமிழ் முஸ்லிம்கள் எழுதும்போது ‘ஸஃபா’ என்ற வடிவம் ஏற்கெனவே நிலைத்திருக்கிறது. இடம் வேறு, சொல் அதேதான். அதையே எடுத்துக்கொண்டு ‘ஸஃபா எழுத்து’ என்றால் போதும், ‘இட்டிக்’ என்ற ஐரோப்பிய வால் தேவையில்லை.

இனி ‘கல்வெட்டு’. தமிழில் இந்தச் சொல்லைக் கேட்டதும் அரசன், கோயில், தானம், ஆட்சியாண்டு என்றுதான் நினைவு ஓடும். இங்கே பெரும்பாலும் அப்படி எதுவும் இல்லை. கூரான கல் ஒன்றை எடுத்து, வெயிலில் கறுத்த பாறையின் மேல்தோலைச் சுரண்டினால் உள்ளிருக்கும் வெளிர் நிறம் தெரியும், அவ்வளவுதான் செலவு. மெய்யெழுத்து மட்டும்தான், சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது, வலமிருந்து இடம், இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், பாறையைச் சுற்றி வளைத்தும் எழுதுவார்கள். ‘இன்னாரின் மகன் இன்னார்’ என்று தொடங்கி, மந்தை மேய்த்தேன், காவல் இருந்தேன், செத்த சகோதரனுக்காக அழுதேன் என்று போகும். லாத் என்ற பெண் தெய்வத்திடம் பாதுகாப்பு கேட்கும். சில நேரம் இந்த எழுத்தை அழிப்பவன் குருடாகட்டும் என்ற சாபத்தோடு முடியும். 1951இல் தொல்லியலாளர் லங்கெஸ்டர் ஹார்டிங் ஜோர்டானில் தோண்டிய ஹானி என்பவரின் கற்குவியல் கல்லறையில் நூற்றுக்கும் மேற்பட்ட கீறல்கள் இருந்தன, அவற்றில் பல ஹானிக்காகத் துக்கம் சொல்பவை, அவர் கல்லறைக்குக் கல் அடுக்கியதைச் சொல்பவை. எனக்கு இந்த எழுத்துகளிலேயே மிகவும் பிடித்தது அந்தக் குவியல்தான். அரசன் கட்டளையிட்டோ கூலிக்கோ எழுதியதல்ல, ஆளுக்கு ஆள் வந்து தன் பெயரோடு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தமிழகத் தொல்லியலில் பானை ஓடுகளில் உள்ளவற்றைக் ‘கீறல்’ என்று சொல்லும் வழக்கம் இருப்பதால், ‘ஸஃபா பாறைக் கீறல்கள்’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சில கொத்தி எழுதியவை என்பதால் பொதுவாக ‘பாறைப் பொறிப்பு’ என்றாலும் தப்பில்லை. எழுதியவர்களோ அதை ‘ஸ்ஃப்ர்’ என்றார்கள். உயிரெழுத்து இல்லாததால் நமக்குத் தெரிவது அந்த மூன்று மெய்களே. ‘எழுத்து’ என்று பொருள், எபிரேயத்தில் நூலைக் குறிக்கும் ‘செஃபெர்’ இதன் உறவு.

இன்னொன்று. இதே முறையில், இன்னொரு பழைய பாலை எழுத்தான ஹிஸ்மாயிக்கை ‘ஹிஸ்மா எழுத்து’ என்று மாற்றிக்கொள்ளலாம், அதுவும் தெற்கு ஜோர்டான் பக்கம் உள்ள ஓர் இடத்தின் பெயர்தான். தமூதிக் என்று ஆய்வாளர்கள் சொல்வதை மட்டும், பழைய அரபுக் கூட்டத்தாரான ஸமூதின் பெயரை வைத்து ‘ஸமூது மக்களின் எழுத்து’ என்று பெயர்க்கக் கூடாது, ஏனென்றால் சரியாக வகைப்படுத்தாத பலவிதக் கீறல்களைப் போட்டுவைக்க ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பொதுப்பெயர் அது, ஸமூது கூட்டத்தார்தான் எழுதினார்கள் என்பதல்ல.