மொண்டிசோரி: சொல் விளக்கம்

திருகோணமலையில் ஒருவர் "பிள்ளைய மொண்டிசோரியில சேர்த்தாச்சா?" என்று கேட்டால், பிள்ளை ஏதேனும் ஒரு பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கிவிட்டதா என்பதே பொருள். உவர்மலையிலோ உப்புவெளியிலோ உள்ள அப்பாடசாலை எம்முறையில் கற்பிக்கிறது என்பது அக்கேள்விக்குள் அடங்குவதில்லை. ஆயினும் இச்சொல் ஒரு கல்விமுறைக்கே உரியது.

இத்தாலிய மருத்துவர் மரியா மொண்டிசோரியின் (1870–1952) குடும்பப் பெயரே இது. 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் வறிய குடியிருப்பில் அவர் தமது முதற் பாடசாலையைத் தொடங்கினார். 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து, போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்கியவர், 1944இல் இலங்கைக்கும் வந்தார்.

இம்முறையின் உயிர்நாடி, பிள்ளை தன் வேலையைத் தானே தெரிந்தெடுத்து, தன் வேகத்தில், இடையூறின்றிச் செய்து முடிப்பதாகும். மூன்று முதல் ஆறு வயது வரையானோர் ஒரே அறையில் இருப்பர். எடுத்துக்காட்டாக, பிள்ளை கையாளும் ஒரு மரக்கட்டையில் அளவு வேறுபடும் பத்துக் குழிகளும் அவற்றுக்குரிய உருளைகளும் இருக்கும். ஒன்றைப் பிழையான குழியில் இட்டால் கடைசி உருளைக்கு இடம் பொருந்தாது. பிழையை ரீச்சர் சுட்டுவதில்லை, பொருளே காட்டிவிடுகிறது. வரிசையாக அமர்ந்து எல்லாரும் ஒரே எழுத்தை ஒரே நேரத்தில் எழுதும் வகுப்பு, பெயர்ப்பலகை எதுவாயினும், இம்முறையைச் சேர்ந்ததன்று என்றே கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1967இல் வணிகக்குறி தொடர்பான தீர்ப்பொன்று இப்பெயரை எவரும் பயன்படுத்தத்தக்க பொதுப்பெயராகக் கொண்டது. ஆகவே பெயர் மட்டும் முறைக்குச் சான்றாகாது.

தமிழில் நிறுவனத்தைக் குறிக்கப் பாலர் பாடசாலை, முன்பள்ளி ஆகிய இரண்டும் போதும். மொண்டிசோரி என்பதை முறைக்கே ஒதுக்கி, 'மொண்டிசோரி முறை' என எழுதுவதே தகும். மரியா மொண்டிசோரியின் பாடசாலைக்கு வழங்கிய இத்தாலியப் பெயருக்குப் 'பிள்ளைகளின் வீடு' என்பது பொருள். அதைச் 'சிறுவர் இல்லம்' என்று பெயர்த்தால், இங்கு பெற்றோரற்ற பிள்ளைகளின் விடுதி என்றே விளங்கிக்கொள்வர். அடிப்படைக் கொள்கைக்கு அவர் ஆண்ட 'அவுட்டோ எடுக்காசியோனே' என்பதற்குத் 'தற்கல்வி' நேர்ச்சொல்லாகும். 'தனியாள் கற்பித்தல்' என்பது ஒரு பிள்ளைக்கு ஒருவர் ரியூசன் கொடுப்பதாகப் பொருள்பட்டு, கற்பவரிடமிருந்து கற்பிப்பவரிடம் கருத்தைத் திருப்பிவிடும். ஆசிரியையையும் அவர் நெறிப்படுத்துபவர் என்ற பொருளில் 'டிரெட்ரிச்சே' என்றே அழைத்தார். 'நெறியாளர்' என்பது அதற்குப் பொருந்தும்.