பலகை ஒன்று சொல்லுது, தரை வேறொன்று சொல்லுது

தோட்டத்தைச் சுற்றி வளர்ந்த நம்ம மலேசியச் சிறு பட்டணங்களில் இப்போது பாரிட் (வடிகால்) ஓரமாக ஒரு சிமெண்டுப் பாதை போட்டு, முனையில் ஒரு நீலப் பலகையையும் நட்டுவிடுகிறார்கள். வட்டத்துக்குள் மேலே சைக்கிள், கீழே பிள்ளையைக் கைப்பிடித்து நடக்கும் ஓர் ஆள். சரி, இருவரும் வரலாம் என்று புரிகிறது. யார் எந்தப் பக்கம் போவது?

சாயங்காலம் கோயிலுக்குப் போகிற பாட்டி முன்னால் நடக்கிறார், பின்னால் வரும் பையன் மணி அடிக்கிறான், பாட்டி பதறி இடது பக்கம் ஒதுங்குகிறார், அவனும் அதே பக்கம்தான் முந்தலாம் என்று ஏற்கெனவே திருப்பிவிட்டான். அப்புறம் பிரேக், அப்புறம் ஏச்சு. மணி 'வருகிறேன்' என்று மட்டும்தான் சொல்லும், பக்கத்தைச் சொல்லாது.

அதைச் சொல்ல ஒரு கோடு போதும். ஜெர்மனியில் இதே நீல வட்டத்தில் இரண்டு வகை உண்டு. சைக்கிளுக்கும் ஆளுக்கும் நடுவில் படுக்கைக் கோடு இருந்தால் பாதை முழுவதும் இருவருக்கும் பொது. நெட்டுக்கோடு இருந்தால் பாதை இரண்டாகப் பிரிந்திருக்கிறது, எந்தப் படம் எந்தப் பக்கமோ அது அவரவர் பக்கம். பிரிட்டனில் பொதுப் பாதைக்குக் கோடே கிடையாது, பிரித்த பாதைக்கு மட்டும் நெட்டுக்கோடு. அப்படிப் பார்த்தால் கோடு இல்லாத நம்ம பலகை 'பொதுப் பாதை' என்கிறது. ஆனால் தரையைப் பார்த்தால் நடுவில் பாதி அழிந்த வெள்ளைக் கோடு, ஒரு பக்கம் சைக்கிள் படம்! எதை நம்புவது?

பெரும்பாலும் தரையைத்தான் நம்புவோம், அதற்குக் காரணம் கண். நம் பார்வையில் எழுத்தையும் படத்தையும் துல்லியமாகப் படிக்கும் பகுதி நடுவில் ஏறத்தாழ 2 பாகை அகலம்தான், மற்றதெல்லாம் மங்கல். சைக்கிள் ஓட்டுபவரின் பார்வை சக்கரத்துக்கு முன்னால் உள்ள குழியிலும், பாசி பிடித்த சிமெண்டிலும் இருக்கும், ஓரத்துக் கம்பத்தில் அல்ல. வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 5 மீட்டர், நடப்பவர் நொடிக்கு 1.4 மீட்டர். எதிரெதிரே 20 மீட்டர் இடைவெளியில் வந்தால் சந்திக்க 3 நொடிதான். அதற்குள் பலகையைப் பார், படி, பக்கத்தை முடிவு செய் என்றால் எப்படி?

சரி, தரையிலேயே பெரிதாக வரைந்துவிடலாமே என்றால் அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தரையில் 1.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு சைக்கிள் படம் வரைந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கண் 1.5 மீட்டர் உயரத்தில், படம் 15 மீட்டர் தள்ளி. அப்போது அது நிமிர்த்தி வைத்த வெறும் 14 செ.மீ உயரப் பலகை அளவுக்குத்தான் தெரியும். பார்வை அவ்வளவு சாய்வாக விழுகிறது. சாலையில் எழுதும் எழுத்தையும் அம்புக்குறியையும் இழுத்து நீட்டி வரைவது இதனால்தான், கிட்டே போய்ப் பார்த்தால் கோணலாக இருக்கும், தூரத்திலிருந்து சரியாகத் தெரியும். நம்ம பாதையில் படம் அடிக்கும் அச்சுத்தகட்டை (ஸ்டென்சில்) பலகையில் உள்ள அளவிலேயே வெட்டி, தரையில் வைத்துப் பெயிண்ட் அடித்திருந்தால் அது பக்கத்தில் நின்று படம் பிடிப்பவருக்கு மட்டும்தான் அழகு.

கண் தெரியாதவருக்கு இது எதுவுமே உதவாது. பிரிட்டனில் பிரித்த பாதை தொடங்கும் இடத்தில் மேடான பட்டைகள் கொண்ட கல் பதிக்கிறார்கள். நடப்பவர் பக்கம் பட்டைகள் ஏணிப்படி மாதிரி குறுக்கே, சைக்கிள் பக்கம் போகிற திசையிலேயே நீளமாக. காலுக்கும் கைத்தடிக்கும் வித்தியாசம் தெரியும். அதோடு குறுக்குப் பட்டைமேல் சைக்கிள் ஏறினால் தடதடவென்று ஆடும், ஓட்டுபவர் தானாகவே மற்றப் பக்கம் போவார். எனக்குப் பிடித்தது இதுதான், யாரும் எதையும் படிக்கத் தேவையில்லை.

ஆனால் அதெல்லாம் பாதை அகலமாக இருந்தால்தான். சைக்கிள் கைப்பிடியே ஏறத்தாழ 60 செ.மீ அகலம், ஆடாமல் ஓட்ட ஒரு மீட்டராவது வேண்டும். இரண்டு மீட்டர்கூட இல்லாத பாதையை நடுவில் பிரித்தால் எதிரே இன்னொரு சைக்கிள் வந்ததும் ஒருவர் கோட்டைத் தாண்டியே ஆகவேண்டும். அந்த மாதிரிப் பாதையில் தரைக் கோட்டை அழித்துவிட்டு, பலகைக்குக் கீழே 'நடப்பவருக்கு முதலில் வழி விடுக' என்று மலாயிலும் தமிழிலும் எழுதி, சந்து வந்து சேரும் ஒவ்வொரு இடத்திலும் அதையே நட்டால் போதும்.