விவசாய நிலம்தான், ஆனால் வீட்டுக் கூரைக்குப் பெர்மிட் வேண்டும்

பெர்மிட், அதாவது கட்டட வேலைக்கான அரசு அனுமதி, எடுக்காமல் கூரை மாற்றிய வீடு இந்த மாதம் இது மூன்றாவது. வட ஃபுளோரிடாவில், டவுனிலிருந்து முக்கால் மணி நேரம் தள்ளி, ஐந்து ஏக்கரும் 1994-இல் கட்டிய வீடும் வாங்கிய நம்மூர்த் தம்பதி கூரையைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். போன வருடம் கூரையை மாற்றியிருக்கிறார்கள். இப்போது இன்ஷூரன்ஸில் கூரையின் பெர்மிட் தேதியைக் கேட்கிறார்கள். பெர்மிட்டே எடுக்கவில்லை. "அக்ரி லேண்டுக்குப் பெர்மிட் தேவையில்லைன்னு கூரை போட்டவர் சொன்னார் சார்" என்றார் வீட்டுக்காரர்.

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஃபுளோரிடாவில் விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அது யாரும் குடியிருக்காத பண்ணைக் கட்டடத்துக்கு. மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போட்டுவைக்கும் ஷெட், டிராக்டர் நிறுத்தும் இடம், இவற்றுக்கு. நீங்கள் படுத்துத் தூங்கும் வீடு அதே நிலத்தில் இருப்பதால் அது கொட்டகை ஆகிவிடாது. விவசாய நிலம் என்று சொத்துவரி குறைகிறதே என்பார்கள். அது வரிக் கணக்கு, கூரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டெக்சாஸில் இருக்கும் மச்சான் எடுக்கவில்லையே என்றும் கேட்பார்கள். அங்கே நகர எல்லைக்கு வெளியே பல கவுண்ட்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பெர்மிட் கிடையாதுதான். இங்கே அப்படியில்லை. 1992-இல் ஆண்ட்ரூ புயல் வீடுகளைச் சூறையாடிய பிறகு, 2002 மார்ச் 1 முதல் 67 கவுண்ட்டிகளுக்கும் ஒரே கட்டட விதிதான். கிராமத்துக் கவுண்ட்டியில் ஆபீஸ் சின்னதாக இருக்கும், சட்டம் அதேதான்.

சரி, பார்த்துவிடுவோம் என்று கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கில் ஏறி டார்ச் அடித்தேன். கூரைப் பலகையை மரச்சட்டத்தோடு பிடித்திருக்க வேண்டிய ஆணிகள், சட்டத்தைத் தொடாமல் அரை அங்குலம் தள்ளி வரிசையாக வெளியே நீட்டிக்கொண்டு பளபளத்தன. ஒரே சட்டத்தின் ஓரம் பதினொன்று எண்ணினேன். 2002-க்கு முன் கட்டிய தனிவீட்டில் பலகைக்கு மேலே பதித்திருக்கும் ஷிங்கிள்ஸைப் (கூரைத் தகடுகளை) பிரித்து மாற்றும்போது, பலகையையும் வரி விழுந்த ஆணியால் ஆறு அங்குலத்துக்கு ஒன்று என்று மறுபடி அடித்தாக வேண்டும். ஷிங்கிள்ஸ் போட்டு மூடுவதற்கு முன்பே இன்ஸ்பெக்டர் வருவது இதைப் பார்க்கத்தான். மேலே மூடிய பிறகு எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்களால் சான்று தர முடியாது.

தயவுசெய்து இதையாவது செய்யுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் கான்ட்ராக்டரின் லைசென்ஸ் எண்ணை மாநில அரசின் தளத்தில் தேடுங்கள், இரண்டு நிமிட வேலை. புயல் அடித்த மறுநாள் டிரக்கில் வந்து கதவைத் தட்டுகிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். "பெர்மிட்டை உங்கள் பெயரிலேயே எடுத்துவிடுங்கள்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். சொந்த வீட்டுக்குச் சொந்தக்காரரே பெர்மிட் எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அப்புறம் நீங்கள்தான் கான்ட்ராக்டர். ஆள் கீழே விழுந்தாலும் கூரை பறந்தாலும் முதலில் உங்களைத்தான் கேட்பார்கள். லைசென்ஸ் உள்ளவர் தன் பெயரில் எடுக்கத் தயங்க மாட்டார். இன்ஸ்பெக்ஷன் முடிந்து பெர்மிட் மூடப்பட்டதா என்று கவுண்ட்டிக்கு நீங்களே போன் செய்து கேளுங்கள். அதற்கு முன் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டாம்.

அந்தத் தம்பதி இப்போது முடிந்த வேலைக்குப் பெர்மிட் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்கள். கூரை போட்டவரின் போன் அணைந்து கிடக்கிறது. அடுத்த வாரம் ஆணிகளைப் பார்க்கத் தென்பக்கத்து ஷிங்கிள்ஸை அவர்கள் செலவிலேயே பிரிக்கிறோம். வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத ஷிங்கிள்ஸ்.